சிங்கி வாங்கி வந்த நகை

எங்கள் மேலகரத்தில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்த காலத்தில், ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் எனக்குப் பாடம் நடத்த ஓடாது. புத்தகத்தை மூடிவிட்டு, குற்றாலக் குறவஞ்சியில் வரும் குறவன் சிங்கனாக ஒரு பையனையும் அவன் மனைவி சிங்கியாக ஒரு பெண்ணையும் நிறுத்திவிடுவேன். காணாமல் போன சிங்கி மேலெல்லாம் நகையோடு நிற்கிறாள். குருவி பிடித்துத் திரிகிறவனுக்குச் சிலம்பும் தண்டையும் என்ன தெரியும்? காலில் கிடப்பது என்ன, விரலில் சுருண்டிருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். குறி சொல்லிப் பெற்றதை அவள் சொல்கிறாள்.

குற்றாலக் குறவஞ்சியை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். குற்றாலநாதர் கோயில் வித்துவானாக இருந்து தலபுராணம், உலா, கோவை, சிலேடை, பிள்ளைத்தமிழ் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். அவருடைய யமக அந்தாதியை நான் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். ஒரே எழுத்துக்கோவை அடிதோறும் திரும்ப வரும். பிரிக்கப் பிரிக்க வேறு பொருள். அகராதி இல்லாமல் ஒரு பாட்டு நகராது.

அந்த வித்தையெல்லாம் கையில் இருந்தவர்தான் குரங்குக்கும் குறத்திக்கும் பாட்டுக் கட்டினார். அதிலும் ஆள் கெட்டிக்காரர். பறவை மேயும் வயல்களைச் சொல்கிற சாக்கில் கோயில் நிலங்களையும் தருமம் செய்தவர்களையும் பாட்டுக்குள் இழுத்துவிடுகிறார். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் குறவஞ்சிக்காக அவருக்கு நிலம் விட்டார். நிலத்தின் பேரே குறவஞ்சி மேடு.

பின்னாளில் குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி., வருகிறவர்களுக்கெல்லாம் குறவஞ்சியைப் பாடிக் காட்டி ருசி ஏற்றினார். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கினார். அதை நான் பார்த்ததில்லை.

என் மேடை வகுப்பறைதான். கவிராயர் பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. சிருங்காரம் தூக்கலான நூல், பல பாட்டுகளைத் தாண்டித்தான் நடத்த வேண்டும். ஆனால் நகைக் காட்சியை அவர்கள் விடமாட்டார்கள். ஒரு வருஷம் சிங்கியாக நின்ற பிள்ளை, நாலாவது கேள்வியில் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ ஊரு ஊரா நடந்து குறி சொல்லி வாங்குனதுக்கு, இவன் எதுக்கு சார் கணக்குக் கேக்கான்?"

சிங்கன் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.