திண்டுக்கல் சமவெளி: நிலம், தொழில், குடியிருப்பு

கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். இவற்றுக்கு இடைப்பட்ட மானாவாரிச் சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் பாறையைச் சுற்றி வளர்ந்த ஊர் திண்டுக்கல். மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்குப் போகும் பழைய பெருவழி இங்குதான் மலைகளுக்கு நடுவே நுழைகிறது. வற்றாத ஆறு கிடையாது. ஆத்தூர், தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாக ஓடி அமராவதியில் சேரும் குடகனாறு, மழை பெய்தால் மட்டும் பெருகும். ஆகவே இப்பகுதி மக்கள் ஆற்றைவிட வழியையும் கிணற்றையும் நம்பியே பிழைத்தார்கள்.

பழைய குடியிருப்புகள் மலையடிவாரத்து நீரை ஒட்டி அமைந்தவை. பழனிக்கு அருகே பொருந்தலில் கா. இராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டது. வறண்ட நடுச்சமவெளியில் உழவு பரவியதில் விஜயநகர, நாயக்கர் காலத்தில் வந்து குடியேறிய தெலுங்கு, கன்னடம் பேசும் உழவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கிணறு வெட்டி, கவலை பூட்டி, சோளமும் கம்பும் பருத்தியும் விளைவித்தார்கள்.

பாறைமேல் கோட்டை எழுந்தது 1605-இல், மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில். சுற்றிலும் கன்னிவாடி, விருப்பாட்சி, அம்மையநாயக்கனூர், இடையகோட்டை எனப் பாளையங்கள். 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கே பொறுப்பேற்றார்; சிவகங்கையை இழந்த வேலுநாச்சியார் இந்தச் சீமையில்தான் அடைக்கலம் பெற்றார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. பாளையக்காரர் ஆட்சி செலுத்திய நிலத்தை அளந்து வரி விதித்தது கம்பெனி. எதிர்த்தெழுந்த விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் கோட்டைக்கு வேலை குறைந்தது. ஊரின் மையம் பாறையிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கியது.

1866-இல் நகராட்சி வந்தது, 1875-இல் திருச்சி–மதுரை இருப்புப்பாதை வந்தது. வறண்ட நிலத்தில் விளைந்ததை வெளியூருக்கு அனுப்ப வழி பிறந்ததும் புகையிலை பணப்பயிராயிற்று. சற்று உவர்ப்பான கிணற்று நீரையும் அது தாங்கும். திண்டுக்கல் சுருட்டைச் செய்து கடல் கடந்து அனுப்பிய நிறுவனங்களில் ஸ்பென்சர் பெயர் பெற்றது. வேடசந்தூரில் 1948-இல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது.

உழவை மட்டும் நம்ப முடியாத ஊரின் பிழைப்பு என்று, பூட்டுத் தொழிலும் இந்த வறட்சியோடு சேர்த்தே பேசப்படுவது. நாகல்நகர், நல்லாம்பட்டி பகுதிப் பட்டறைகளில் தகட்டை வெட்டி, நெம்புத் தகடுகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, அந்தந்தப் பூட்டுக்கு அதற்குரிய சாவி மட்டுமே சேரும்படி கையாலேயே பொருத்துவார்கள். மாங்காய்ப் பூட்டு இவற்றில் பேர்போனது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகரில் எந்திரத்தில் செய்யப்படும் மலிவுப் பூட்டோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் அதற்கு முன்பே குறைந்துவிட்டன. இவ்வளவு நுட்பமான கைவேலைக்கு அடுத்த தலைமுறை வராமல் போனது பெரிய இழப்பு.

நிலத்தை ஆழமாக மாற்றியது தோல் பதனிடும் தொழில். முதலில் தரிசில் தானாக வளரும் ஆவாரையின் பட்டைதான் மூலப்பொருள். குரோமிய முறை பரவிய பிறகு கழிவின் தன்மையே மாறியது. தோலைக் கெடாமல் காக்கும் உப்பும் ரசாயனமும் மண்ணில் இறங்கின. சுற்றுவட்டாரக் கிணறுகள் குடிக்கவும் பாசனத்துக்கும் உதவாமல் போயின. தொழிற்சாலைக் கழிவு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளைக் கட்டுப்படுத்தியது. ஆலைக்குப் பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். உவர்ந்த நிலத்தடி நீரை மீட்பது எளிதல்ல. பாறையைச் சுற்றி நடந்த எந்தப் போரும் இந்த நிலத்துக்கு இத்தனை நீண்ட கேடு செய்யவில்லை.

1985-இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. 2014-இல் நகரம் மாநகராட்சியானது. நிலக்கோட்டை மல்லிகையும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும் கிணற்றுப் பாசனத்துக்குப் புது வருமானம் தந்தன. வேடசந்தூர்ப் பக்கம் சோளக்காடுகள் இருந்த இடங்களில் நூற்பாலைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் எழுந்தன. விடுதியில் தங்கியும் பேருந்தில் வந்துபோயும் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆலைக்குள் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022-இல் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு செய்துகொண்டது உலகெங்கும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அறியப்படுகிறது.

நகரத்தின் குடிநீர் இன்று ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்தும் காவிரியிலிருந்தும் வருகிறது. ஆத்தூருக்கு மேலே இராஜவாய்க்காலுக்குத் திரும்பும் தண்ணீரில் பங்கு கேட்டு, குடகனாற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் போராடி வருகிறார்கள்.