நடுக்கம் தந்த பெயர்

2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள் காலை 9.15 மணியளவில் மெல்பேர்ண் நகரம் அதிர்ந்தது. வூட்ஸ் பொயிண்டுக்கு அண்மையில் 5.9 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் அது. பொயிண்ட் குக்கில் எமது இல்லங்களின் யன்னல்களும் ஆடின. எம்மவருள் முதியோர் சிலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது குண்டுவீச்சே.

நிலநடுக்கத்தை ஆங்கிலேயர் ‘ஏர்த்குவேக்’ என்பர். ‘ஏர்த்’ என்பது பூமி. ‘குவேக்’ என்பது நடுக்கம். பூவும் கம்பமும் சேர்ந்து ‘பூகம்பம்’ ஆனதைப் போன்றதே இதுவும். ‘குவேக்’ இலத்தீனிலிருந்து கடன் பெற்ற சொல்லன்று. பழைய ஆங்கிலத்தின் ‘குவாக்கியன்’ என்ற வினையிலிருந்து வந்தது. மண் நடுங்குவதற்கும் அச்சத்தால் மனிதர் நடுங்குவதற்கும் இவ்வொரு சொல்லே வழங்கிற்று.

இச்சொல்லிலிருந்து ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரும் பிறந்தது. 1650 இல் இங்கிலாந்தின் டேர்பி நகரில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவர் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டார். இறைவனின் சொல்லுக்கு நடுங்குங்கள் என்று அவர் கூறவே, நீதவான் பெனற் அவர்களைக் ‘குவேக்கர்’, அதாவது நடுங்குவோர், என்று எள்ளி நகையாடினார். பொக்ஸ் தமது வாழ்க்கைக் குறிப்பிலே இதனை எழுதியுள்ளார். அவர்கள் தம்மை ‘நண்பர்கள்’ என்றே அழைத்தனர். எனினும் ஏளனப் பெயரையும் மறுத்து ஒதுக்கவில்லை.

குவேக்கர்களான ஜேம்ஸ் பக்ஹவுஸ், ஜோர்ஜ் வோஷிங்டன் வோக்கர் ஆகிய இருவரும் 1832 இல் ஹோபாட்டில் வந்திறங்கி, கைதிகளினதும் ஆதிக்குடிகளினதும் துயரங்களை நேரிற் கண்டு எழுதினர். இரு உலகப் போர்களிலும் பசித்தோருக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் குவேக்கர் அமைப்புகள் உதவின. 1947 இல் பிரித்தானிய, அமெரிக்கக் குவேக்கர் அமைப்புகள் இரண்டிற்கு நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நடுங்குவோர் எனப்பட்டவர்கள் நடுங்கியோருக்குத் துணை நின்றனர்.

‘அகதி’ என்ற சொல்லையும் இவ்விடத்திற் சிந்திப்போம். கதி என்றால் வழி, புகலிடம். அஃது இல்லாதவர் அகதி. தம் பிள்ளையைப் பிறர் அவ்வாறு அழைத்தபோது கலங்கிய பெற்றோரை நாம் கண்டிருக்கின்றோம். அந்தக் கலக்கம் நியாயமானதே. ஆயினும் ஒரு பெயரை இடுபவர் பிறராயினும், அதற்குப் பொருள் தருவது அதனைச் சுமப்பவரின் செயலே என்பதைக் குவேக்கர் வரலாறு காட்டுகின்றது. கதியற்று வந்த நாம், அடுத்து வருபவருக்குக் கதியாக இருப்போமா? எம் இளைய தலைமுறையினர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.