மேசை மேல் காகிதம்: 150 வருடக் கதை

அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அப்படி ஒரு மேசை நினைவில் இருக்கும். இரண்டு பக்கமும் கோப்புகள் மலைபோல் அடுக்கியிருக்க, நடுவே ஒரு தலை மட்டும் தெரியும். கேட்டால், "எல்லாம் இங்கேதான் இருக்கு, தேடினா கிடைக்கும்" என்பார். அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மேசையில் காகிதம் குவிந்த வரலாற்றைப் படித்தால், கோளாறு மனிதரிடம் மட்டும் இல்லை, மேசையிலும் இருந்தது என்று தெரிகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வணிகர் அலுவலகம் என்பது ஒரு முதலாளி, இரண்டு மூன்று குமாஸ்தாக்கள், அவ்வளவுதான். வரும் கடிதங்களும் குறைவு. வந்த கடிதத்தை நீளவாக்கில் மடித்து, யார் எழுதியது, என்ன தேதி, என்ன விஷயம் என்று வெளிப்புறம் குறித்து, மேசைக்கு மேலுள்ள சின்னச் சின்ன அறைகளில் செருகி வைப்பார்கள். பார்க்கப் புறாக்கூண்டு மாதிரியே இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயரும் அதுவேதான். அரசு அலுவலகமாக இருந்தால் கட்டாகக் கட்டச் சிவப்பு நாடா. இன்று நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் சிவப்பு நாடா, உண்மையில் காகிதம் கட்டும் வெறும் துணி நாடாதான்.

அனுப்பிய கடிதத்தின் நகல் வேறு இடத்தில் இருந்தது. நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் 1780-இல் நகல் எடுக்கும் அழுத்துப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை அதில் ஒட்டும். பிற்காலத்தில் அந்த மெல்லிய தாள்களையே புத்தகமாகக் கட்டி, தேதி வரிசையில் நகல் எடுத்தார்கள். ஆக, வந்த கடிதம் கூண்டில், போன பதில் புத்தகத்தில். ஒரு விவகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய இரண்டையும் தேட வேண்டும். தேடுவது சிரமம் என்றால் என்ன செய்வோம்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்போம்.

1874-இல் இண்டியானாபொலிஸ் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வூட்டன் என்பவர் ஒரு மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். பீரோ மாதிரி இரண்டு பெரிய கதவுகள். திறந்தால் உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் இடம், வேலை முடிந்ததும் கதவைச் சாத்திப் பூட்டிவிடலாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிராண்ட், எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் போன்றவர்கள் அதை வாங்கினார்கள். காகிதத் தொல்லை தீர்ந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

அதே 1874-இல்தான் ரெமிங்டன் கம்பெனியின் தட்டச்சுப்பொறி விற்பனைக்கு வந்தது. கையால் ஒரு கடிதம் எழுதும் நேரத்தில் பல கடிதங்கள் அடிக்கலாம், கார்பன் தாள் வைத்தால் நகலும் கூடவே கிடைக்கும். ரயிலும் தந்தியும் வியாபாரத்தைப் பெருக்கியிருந்தன. காகிதம் வெள்ளமாக வந்தது. நூறு அறை என்ன, ஆயிரம் அறை இருந்தாலும் போதாது. தவிர, எந்தக் காகிதத்தை எந்த அறையில் வைத்தோம் என்பது வைத்தவர் மனதில் மட்டுமே இருந்தது. அவர் நாலு நாள் லீவு போட்டால் வேலையும் லீவு.

1882-இல் அப்னர் கட்லர் காப்புரிமை பெற்ற உருள்மூடி மேசை இன்னும் வசதி. பழைய ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டங்களால் ஆன மூடியைக் கீழே இழுத்தால் மேசையே மறைந்துவிடும். சாயங்காலம் குப்பையைக் குப்பையாகவே விட்டு, மூடியை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பார்வைக்குச் சுத்தம், உள்ளே நேற்றைய காகிதத்தின் மேல் இன்றைய காகிதம். தள்ளிப்போடுவதற்கென்றே செய்ததுபோன்ற மேசை!

விடிவு மேசையிலிருந்து வரவில்லை, நூலகத்திலிருந்து வந்தது. நூல்களைப் பகுக்கும் தசம முறையை வகுத்த மெல்வில் டூயி, நூலகங்களுக்குச் சாமான் விற்க லைப்ரரி பீரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். நூலக அட்டைகளை நிறுத்தி வைப்பதுபோல் காகிதங்களையும் உறையில் போட்டு நிற்க வைக்கும் அலமாரியை அந்த நிறுவனம் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டித் தங்கப் பதக்கம் வாங்கியது. மடிக்க வேண்டாம், நாடா வேண்டாம். வந்த கடிதமும் போன பதிலும் ஒரே உறைக்குள். தலைப்பு எழுதியிருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நம்முடைய 'ஃபைல்' இப்படித்தான் பிறந்தது.

காகிதத்துக்கு வேறு இடம் கிடைத்த பிறகு மேசைக்குக் கூண்டு எதற்கு? 1915-இல் நியூயார்க்கின் ஈக்விடபிள் காப்பீட்டு நிறுவனம் தன் எழுத்தர்களுக்குத் தட்டையான மேசைகளைச் செய்து வாங்கியது. கூண்டும் இல்லை, மூடியும் இல்லை. மேசை சேமிக்கும் இடம் அல்ல, காகிதம் கடந்து போகும் இடம் என்ற எண்ணம் வந்துவிட்டது. 1917-இல் லெஃபிங்வெல் என்பவர் அலுவலக வேலையை விஞ்ஞான முறையில் நிர்வகிப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. உயரமான கூண்டு போனதும் குமாஸ்தா என்ன செய்கிறார் என்பது மேற்பார்வையாளருக்கு நேராகத் தெரிந்தது. அவருடைய மறைவும் போயிற்று, சொந்த மூலை என்ற சுகமும் போயிற்று. பயத்தில் சுத்தமான மேசையும் வேலை முடிந்து சுத்தமான மேசையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே வேறு வேறு.

தள்ளிப்போடும் குணத்துக்கு நேரடி மருந்தாக வந்தவற்றில் எனக்குப் பிடித்தது 43 உறை முறை. தேதிக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. இன்று செய்ய முடியாத காகிதத்தை எந்த நாள் செய்ய முடியுமோ அந்த நாளின் உறையில் போட வேண்டும். காலையில் வந்ததும் அன்றைய உறையைத் திறக்க வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கும் '17-ஆம் தேதி பார்க்கிறேன்' என்பதற்கும் உள்ள தூரம்தான் இதில் விஷயமே. இரண்டாம் உலகப் போரில் சர்ச்சில் இன்னும் ஒரு படி போனார். அவசரக் குறிப்புகளின் மேல் 'இன்றே செய்க' என்று அச்சிட்ட சிவப்புச் சீட்டை ஒட்டி அனுப்பினார்.

நம் ஊர் அரசு அலுவலகத்தில் இருந்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நம்மிடம் தன்பதிவேடு இருந்ததே! வெள்ளைக்காரன் காலத்து நிர்வாகத்தின் மிச்சம். தபால் பிரிவிலிருந்து வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ந.க. எண், வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன பொருள், என்ன நடவடிக்கை, எப்போது முடிந்தது என்று பத்தி பத்தியாக எழுத வேண்டும். கண்காணிப்பாளர் அவ்வப்போது வாங்கிப் பார்ப்பார். மேசையை ஒதுக்கி அழகாக வைத்தாலும் பதிவேட்டில் முடிவுப் பத்தி காலியாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காகிதத்தை டிராயரில் ஒளிக்கலாம், எண்ணை ஒளிக்க முடியாது.

நானும் வருடக்கணக்கில் அந்தப் பதிவேட்டோடு மாரடித்தவன்தான். அது சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: மேசையில் குவிவது காகிதம் அல்ல, எடுக்காத முடிவுகள். ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஓர் ஆள் காத்திருக்கிறார். வாரிசுச் சான்றுக்கு ஒரு விதவை, பட்டா மாறுதலுக்கு ஒரு விவசாயி, ஓய்வூதியத்துக்கு நம்மைப்போல் ஒருவர். நாம் ஒரு நாள் தள்ளினால் அவருக்கு ஒரு பஸ் பயணமும் அரை நாள் கூலியும் நஷ்டம்.

இப்போது கோப்பெல்லாம் கணினிக்குள் போய்விட்டது. மேசைகள் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் திறக்காத மின்னஞ்சல் ஆயிரம் இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத உருள்மூடி மேசைதான். வீட்டிலும் பாருங்கள்: பழைய மருந்துச் சீட்டு, நிரப்பாத வங்கிப் படிவம், பதில் போடாத உறவினர் கடிதம். புதிதாக அலமாரி வாங்கத் தேவையில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, செய்வதா, கிழிப்பதா, எந்தத் தேதிக்கு வைப்பதா என்று தீர்மானித்தால் போதும். மேசை தானாகக் காலியாகிவிடும்.