மிதவைக்குள் இரும்பை வைத்த கதை

ஆன்சைட் போயிருக்கிற நண்பன் ஒருத்தன் போன வாரம் சாட்டில் பிடித்தான். "மச்சி, வேக்போர்டிங் கத்துக்கப் போறேன், வெஸ்ட் வாங்கணும், எது நல்லாருக்கு?" கூடவே ரெண்டு படம். ஒண்ணு ஒல்லியா, சினிமா ஹீரோ போடுற மாதிரி. இன்னொண்ணு மெத்தையைச் சுருட்டி மாட்டின மாதிரி. பய முதலாவதை முடிவு பண்ணிட்டுத்தான் என்னைக் கேட்கிறான் :-)

(வேக்போர்டிங் தெரியாதவர்களுக்கு: ஒரு பலகையில் ரெண்டு காலையும் மாட்டிக்கொண்டு, மோட்டார் படகு இழுக்க, அது கிளப்பும் அலை மேல் தாவுவது. 1980களில் உருவான விளையாட்டு. தாவுவதை விட விழுவது அதிகம்.)

நமக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா மிதக்கிறது தெரியும். எங்க ஊர் இரும்பை. ஆரோவில் பக்கம், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் இருக்கிற ஊர். அங்கே கிணற்றில் 5 லிட்டர் எண்ணெய் கேனை முதுகில் கட்டித்தான் தாத்தா என்னைத் தள்ளிவிட்டார். அவர் காலத்தில் சுரைக்குடுக்கையாம். மூடி இறுக்கிய காலி கேன் முழுசா அமுங்கினால் 5 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். கிட்டத்தட்ட 5 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். இன்ஜினியரிங் பாஷையில் சுமார் 50 நியூட்டன். தண்ணீருக்குள் நம்ம உடம்பு பெரும்பாலும் தானே மிதக்கும் என்பதால், தலை வெளியே நிற்க பெரியவர்களுக்கே 3 முதல் 5 கிலோ வரை கூடுதல் மிதப்பு இருந்தால் போதும். தாத்தா பிசிக்ஸ் படிக்கலை, ஆனா கணக்கு சரி.

கடலில் இந்தக் கணக்கு உயிர் கொடுத்துக் கற்ற பாடம். இங்கிலாந்தில் 1854ல் கேப்டன் வார்ட் என்பவர் கார்க் துண்டுகளைக் கோர்த்து ஒரு ஜாக்கெட் செய்தார். 1861 பிப்ரவரி 9ல் விட்பி என்ற ஊரில் புயல். மீட்கப் போன படகு கவிழ்ந்து, 13 பேரில் 12 பேர் செத்துப் போனார்கள். தப்பியவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருத்தர்தான். அன்றைக்கு அந்தப் புது கார்க் ஜாக்கெட்டைப் போட்டிருந்தவரும் அவர்தான்.

அடுத்த கதைதான் என்னைத் தூங்க விடலை. 1904 ஜூன் 15, நியூயார்க். ஜெனரல் ஸ்லோகம் என்ற படகில் ஒரு சர்ச்சைச் சேர்ந்த குடும்பங்கள் பிக்னிக் கிளம்பின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நடு ஆற்றில் தீப்பிடித்தது. ஜாக்கெட்டுகள் இருந்தன, ஆனால் பல வருஷமாகத் தொங்கி, உள்ளே கார்க் மக்கித் தூளாகிப் போயிருந்தது. அம்மாக்கள் பிள்ளைகளுக்கு அதை மாட்டித் தண்ணீரில் விட்டார்கள். பிள்ளைகள் முழுகின. ஆயிரம் பேருக்கு மேல் சாவு.

அதோடு முடியலை. அதற்கப்புறம் புது ஜாக்கெட்டுகளைச் சோதித்தபோது ஒரு கம்பெனி மாட்டியது. ஜாக்கெட்டுக்கு 6 பவுண்ட் கார்க் என்பது விதி. கார்க்கைக் குறைத்துவிட்டு, எடையைச் சரிக்கட்ட உள்ளே இரும்புத் துண்டு வைத்திருந்தார்கள். மிதவைக்குள் இரும்பை! என் ஊர்ப் பெயரை இப்படி ஒரு வாக்கியத்தில் படிப்பேன் என்று நினைக்கவே இல்லை. தராசு சரி என்றது. தண்ணீரிடம் அந்தப் பொய் செல்லாது.

கார்க்குக்குப் பின்னால் வந்தது நம்ம இலவம்பஞ்சு. கிளி காத்துக் காத்து ஏமாந்த அதே இலவு, கடலில் மனுஷனை ஏமாற்றவில்லை. இழைக்குள் காற்று, மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் சுலபத்தில் ஏறாது. இப்போது அந்த இடத்தில் ஃபோம்.

மிதப்பு எவ்வளவு என்பது ஒரு பாதிதான். எங்கே என்பது மறுபாதி. இரண்டாம் உலகப்போர் சமயம் எட்கர் பாஸ்க் என்ற பிரிட்டிஷ் மயக்க மருந்து டாக்டர், தனக்கே மயக்கம் கொடுக்கச் சொல்லி, ஜாக்கெட்டோடு நீச்சல் குளத்தில் தன்னைப் போட வைத்தார். மயங்கினவன் முகத்தை எது மேலே வைக்கிறது, எது கவிழ்க்கிறது என்று பார்க்க! இதைப் படித்ததும் முதுகில் கட்டிய என் கேன் ஞாபகம் வந்தது. நான் மயங்கியிருந்தால் அது என்னைக் குப்புறத்தான் மிதக்க விட்டிருக்கும்.

அதனால்தான் இன்றைய ஐ.எஸ்.ஓ. தரத்தில் படிகள் வைத்திருக்கிறார்கள். 50 நியூட்டன்: நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது. 100: அமைதியான நீர்நிலைக்கு. 150: மயங்கினாலும் மல்லாத்திப் போடும் அளவுக்கு, கடலுக்கு. 275: கனத்த உடையோடு நடுக்கடலில். நண்பன் காட்டிய ஒல்லி வெஸ்ட் இந்த வரிசையிலேயே இல்லை. அது விழும்போது விலாவைக் காப்பதற்கு மட்டும். மிதப்புக்கு உத்தரவாதம் கிடையாது. வேக்போர்டில் வேகமாக விழுந்து தண்ணீரில் தலை மோதினால் மயக்கம் வரலாம். 50 இருந்தாலும் முகம் மேலே வரும் என்று நம்ப முடியாது, படகில் ஒரு ஆள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

நமக்கு எதுக்கு இதெல்லாம் என்கிறீர்களா? 2009 செப்டம்பர் 30, தேக்கடி, 45 பேர். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு, 22 பேர். ரெண்டிலும் போனவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. போட்டால் மட்டும் ஆச்சா? ஒரு போட்டிங் இடத்தில் எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் பக்கிளே இல்லை. "சும்மா மாட்டிக்கோங்க சார்" என்றார்கள். நானும் சும்மா மாட்டிக்கொண்டு, அக்கா பையனை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

நண்பனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: கலரைப் பார்க்காதே, உள்பக்க லேபிளைப் பார். எத்தனை நியூட்டன், எத்தனை கிலோ ஆளுக்கு என்று போட்டிருக்கும். போட்டுப் பார்க்கும்போது தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல். காதுவரை ஏறினால் அது உன் சைஸ் இல்லை. முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் மிதந்து பார்.

"அப்போ குண்டு வெஸ்ட்டா?" என்றான் சோகமாக. ஆமாண்டா.

டிஸ்கி: உங்க ஊரில் எதைக் கட்டி நீச்சல் பழகினீங்க மக்களே? கேனா, டியூபா, வாழைத்தண்டா?