வணிகர் செல்வமும் வாலிபர் கல்வியும்

நமது சங்க மலரைக் கையிலெடுப்போர் முதலிற் காண்பது விளம்பரப் பக்கங்களையே. வணிகப் பெருமக்கள் மனமுவந்து அளிக்கும் பணத்தினாலேதான் இத்தகைய மலர்கள் அச்சேறுகின்றன. கோயில் திருவிழாவுக்கும் அவர்கள் கொடுக்கின்றனர். இனி, பள்ளிக்கூடத்துக்கு வணிகர் எவ்வாறு உதவலாம்? பழைய சரித்திரம் ஒன்றைக் கொண்டு இதனை நோக்குவோம்.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையின் முகம் அறியாதவர். சென்னையிலே துபாஷித் தொழில், அதாவது ஆங்கிலேயருக்கும் நம்மவருக்கும் இடையே நின்று கொடுக்கல் வாங்கலை முடித்துவைக்கும் தொழில் செய்து, பெரும் பொருள் ஈட்டினார். 1794-இல், நாற்பதாம் வயதிலே காலமானார். கோயிற் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் தம் பொருளை உயில் எழுதி வைத்தார். உயில் இருந்தது, பணமும் இருந்தது. அதனை ஒழுங்காக நடத்துவாரில்லை. வழக்கின்மேல் வழக்காயிற்று. முடிவில், ஜார்ஜ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் முதலியோரின் முயற்சியால், தருமங்களுக்கு வேண்டியது போக எஞ்சிய தொகை கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 1842 ஜனவரி 1-ஆம் திகதி பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் எழுத்தறியாமலே முதியவராயினரோ!

அப்பள்ளி 1889-இல் கல்லூரியாயிற்று. 1947 வரை இந்து மாணாக்கருக்கே அங்கு இடம். மிஷன் பள்ளியிற் படித்த எனக்கு இது சிறிது உறுத்துகிறது. என்னை அங்கே எவரும் சமயம் கேட்டு வாசலில் நிறுத்தவில்லை. பெரியோர் பொறுத்தருள்க.

கணித மேதை இராமானுஜன் அக்கல்லூரியிற் படித்தவரே. கணக்கொன்றிலேயே மனம் செலுத்தியமையால், 1907-இல் எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை. கல்லூரி கைவிட்ட அவரைத் தாங்கியது எது? சென்னைத் துறைமுக அலுவலகம்! 1912 மார்ச் மாதம், 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் முன்பு கணித ஆசிரியராயிருந்தவர். இளைஞரின் குறிப்பேட்டைப் பார்த்ததும் அதன் அருமையை உணர்ந்தார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உதவிப் பணம் வழங்கியது. துறைமுகத்தார் விடுமுறை கொடுத்து அனுப்பினர். மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் நோக்கிக் கப்பலேறினார். பெருந்தனத்தால் எழுந்த கல்லூரி செய்யாததை, வேலைத்தலத்தில் ஒருவர் பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தது செய்தது என்பதே என் எண்ணம்.

நமது சல்லியும் துறைமுகத்துக்கு அண்மையிலேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் படகையும் வலையையும் நன்கறிவர். அத்துறைமுகத்தின் அலுவலகங்களுக்குள் என்ன வேலை நடக்கிறதென்பதை அறிந்தோர் சிலரே. அடுத்த மலருக்கு விளம்பரம் கேட்கச் செல்லும்போது, பள்ளி விடுமுறையில் மேல்வகுப்பு மாணாக்கர் இருவரைத் தம் கடையிற் கணக்கெழுதப் பழக்குவார்களா என்றும் வணிகப் பெருமக்களிடம் கேட்க எண்ணியுள்ளேன். உடன் வர விரும்பும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுப்பார்களாக.