நீலகிரியில் மலையகத்தின் சுவடு

தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்திற்குச் செல்வோரின் கண்ணில் முதலிற் படுவன சோலைக்காடுகளும் தேயிலைச் சரிவுகளுமேயாம். ஆயின், கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வாழ்வோருட் பலரின் குடும்ப வரலாறு நமது மலையகத்திலே தொடங்குகின்றது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களின் இசைவு பெறப்படாமலே, 525,000 பேரை இந்தியாவுக்கு உரியோரென வகுத்தது. அவ்வாறு சென்றோருக்குத் தொழிலளிக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கு தேயிலைத் தோட்டங்களைத் தொடக்கியது. அதன்பொருட்டுக் காடு அழிக்கப்பட்டது. அம்மலைக்காடுகளோ பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினரின் வாழ்விடங்கள்.

கண்டிச் சீமையிற் காடு வெட்டிக் கோப்பித் தோட்டம் அமைத்தோரின் வழித்தோன்றல்கள், ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் பெயருடன் மீண்டும் காட்டிடையே தோட்டம் அமைக்கலாயினர். நாடிழந்தோரையும் நிலமிழந்தோரையும் ஒரே மலையிற் சந்திக்கவைத்த இவ்வரலாற்றை, ஒப்பந்த எண்களை மட்டும் கொண்டு எழுதிவிட இயலாது.