ஐந்து தட்டு, ஒரு பிடி அரிசி

இரவு ஒரு மணி. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஏதோ ஒரு குட்டிக் கிராமம். சுற்றிலும் நெல் வயல். தவளைச் சத்தம். ஊர் முச்சந்தியில் கூரை போட்ட ஒரு சின்னக் காவல் குடில். உள்ளே நாலைந்து பேர் லுங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கறுப்புக் காப்பி, அவித்த கடலை, கிராம்பு வாசனை அடிக்கும் சிகரெட். இவர்களில் ஒருவர்கூட போலீஸ்காரர் இல்லை. ஒருவர் விவசாயி, ஒருவர் தச்சர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். இன்று இவர்கள் முறை. நாளை வேறு நாலு பேர். இந்தக் காவலுக்கு ரோண்டா என்று பெயர்.

குடிலில் ஒரு மூங்கில் துண்டு தொங்குகிறது பாருங்கள். நீளவாக்கில் ஒரு பிளவு, அடிப்பதற்கு ஒரு கட்டை. அதுதான் கென்டோங்கான். தந்தி, டெலிபோன், செல்போன் எல்லாவற்றுக்கும் முன்னால் ஊரை எழுப்பிய கருவி. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்றாலும், பரவலாக இருக்கும் கணக்கு இது: ஒவ்வொன்றாக விட்டு விட்டு அடித்தால் ஊரில் கொலை. இரண்டிரண்டாக அடித்தால் திருடன். மும்மூன்றாக அடித்தால் தீ. நான்கு நான்காக என்றால் வெள்ளம்.

ஐந்து ஐந்தாக அடித்தால்? மாட்டைத் திருடிவிட்டார்கள்!

மாட்டுத் திருட்டுக்குத் தனித் தாளமா என்று சிரிக்காதீர்கள். உழுவதற்கு எருமை இல்லையென்றால் அந்த வருஷம் வயல் இல்லை. வயல் இல்லையென்றால் சோறு இல்லை. ஜாவாக்காரர்கள் கால்நடைகளை ‘ராஜகாயா’ என்று சொல்வார்கள். ‘காயா’ என்றால் செல்வம். தமிழில்கூட மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று இன்னொரு பொருள் உண்டே, அந்த மாதிரிதான்.

சரி, விடிய விடிய விழித்திருப்பவர்களுக்குச் சம்பளம்? கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. ஜிம்பிதான் என்று பெயர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் கொஞ்சம் அரிசி. ரோண்டா போகிறவர்கள் அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போவார்கள். சேர்ந்த அரிசி ஊர்ப் பொதுவுக்கு. நம் பாட்டிமார் எடுத்து வைத்த பிடி அரிசியின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. எல்லா டப்பாவும் காலியாகியிருந்தால், இரவுக் காவல் எல்லா வாசலுக்கும் வந்துபோனது என்று அர்த்தம்!

ஆக, ஜாவா கிராமத்துக்காரர் நிம்மதியாகத் தூங்கினார் என்று கதையை முடித்துவிடலாமா? முடியாது. அந்தத் தாளங்களை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். எல்லாமே இரவில் திருட்டுத்தனமாக வருகிறவனுக்கும், தீக்கும் தண்ணீருக்கும்தான். பட்டப்பகலில், குதிரை மேல், கையில் காகிதத்தோடு வருகிறவனுக்கு எத்தனை தட்டு? அதற்குத் தாளமே கிடையாது. அந்த ஊர்களின் இருநூறு வருஷக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1811-ல் ஜாவாவை டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ்தான் அங்கே கவர்னர். அவர் ஒரு கணக்குப் போட்டார். நிலமெல்லாம் அரசாங்கத்துடையது, விவசாயி வெறும் குத்தகைக்காரர், எனவே வாடகை கட்டட்டும்! நம் சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ கொண்டுவந்த ரயத்துவாரி முறையின் வாடை இதில் பலமாகவே அடித்தது. ஐந்தே வருஷத்தில் ஆங்கிலேயர்கள் போய்விட்டார்கள். நிலவரி மட்டும் தங்கிவிட்டது. ஒரு வேடிக்கை பாருங்கள்: இப்படி வந்த நிலவரிக்கான பதிவும் ரசீதும்தான் பிற்காலத்தில் ‘இது என் நிலம்’ என்று சொல்ல பல விவசாயிகளுக்குக் கிடைத்த ஆதாரம். தாத்தா கட்டிய வரிச் சீட்டைப் பேரன் பெட்டியில் பூட்டி வைப்பது இப்படித்தான் பழக்கமானது.

திரும்பி வந்த டச்சுக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1830-ல் வான் டென் போஷ் என்ற கவர்னர் ஜெனரல் ஒரு திட்டம் போட்டார். வரிக்குப் பதிலாக, கிராமம் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி அரசாங்கம் சொல்வதைப் பயிரிட வேண்டும். கரும்பு, அவுரி, காப்பி. காகிதத்தில்தான் ஐந்தில் ஒன்று. நடைமுறையில் பல ஊர்களில் அதைத் தாண்டிப் போனது. விலையை வைப்பவரும் அரசாங்கம், வாங்குபவரும் அரசாங்கம். 1850-களில் நெதர்லாந்து அரசின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு வழியில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பணத்தில் அங்கே கடன் அடைந்தது, ரயில் பாதை வந்தது. இங்கே ஜாவாவில்? 1840-களின் கடைசியில் தெமாக், குரோபோகான் வட்டாரங்களில் பஞ்சம். நெல் விளையும் பூமியில் மக்கள் சோறில்லாமல் செத்தார்கள்.

இதையெல்லாம் உள்ளேயிருந்தே பார்த்த ஒரு டச்சு அதிகாரி எடுவார்ட் டாவஸ் டெக்கர். 1856-ல் மேற்கு ஜாவாவின் லெபாக் வட்டாரத்தில் வேலை பார்த்தவர். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஏழைகளைச் சுரண்டுகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். மேலிடம் அவரைத்தான் மாற்றியது! வேலையை உதறிவிட்டு ஊருக்குப் போனவர், ‘முல்டாடுலி’ என்ற புனைபெயரில் 1860-ல் ‘மாக்ஸ் ஹாவெலார்’ என்ற நாவலை வெளியிட்டார். நெதர்லாந்தே ஆடிப்போனது. அதில் ஒரு சிறுவன் வீட்டு எருமையை வட்டாரத் தலைவன் பிடுங்கிக்கொண்டு போகிறான். பரம்பரைச் சொத்தை விற்று அப்பா இன்னொரு எருமை வாங்குகிறார். அதையும் பிடுங்குகிறான். ஐந்து ஐந்தாகத் தட்ட வேண்டிய சமாசாரம்தான். ஆனால் எடுத்துப் போனவன் ஊருக்கே அதிகாரி. யார் தட்டுவது?

1942-ல் ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. காவல் காக்க ஊரே தயாராக இருக்கும்போது தனியாகப் போலீஸ் எதற்கு? கிராமத்து இளைஞர்களைக் கொண்டு கெய்போதான் என்ற துணைக்காவல் படையை அமைத்தார்கள். 1944-ல் பத்து இருபது வீடுகளை ஒரு குழுவாகக் கட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை வைத்தார்கள். ஜப்பானில் இதன் பெயர் தொனாரிகுமி. நெல் வசூலிப்பதற்கும் கூலிக்கு ஆள் பிடிப்பதற்கும் எவ்வளவு வசதி, யோசித்துப் பாருங்கள்! அடுத்த வருஷமே ஜப்பான் தோற்றது. இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்தது. அந்தக் குழு முறை மட்டும் போகவில்லை. இன்று அதன் பெயர் ‘ருகுன் தெத்தாங்கா’. அண்டை வீட்டார் ஒற்றுமை என்று அர்த்தம்.

சுதந்திர நாட்டில் நிலம்? 1960-ல் புதிய நிலச் சட்டங்கள் வந்தன. ஜனநெருக்கடி மிகுந்த இடங்களில் ஒரு குடும்பம் ஐந்து ஹெக்டேருக்கு மேல் நன்செய் வைத்திருக்கக் கூடாது. மிச்சம் நிலமில்லாதவர்களுக்கு. சட்டம் நல்ல சட்டம்தான். அமலாக்கம் நத்தையாக நகர்ந்தது. பொறுமையிழந்த கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் விவசாய சங்கமும் 1963, 64-ல் தாங்களே வயலில் இறங்கின. ஊர் இரண்டாகப் பிளந்தது. வயல் வைத்திருந்தவர் ஒரு பக்கம், வயல் கேட்டவர் மறு பக்கம்.

1965 செப்டம்பர் 30 இரவு ஜகார்த்தாவில் ஆறு தளபதிகள் கடத்திக் கொல்லப்பட, ராணுவம் கம்யூனிஸ்டுகள் மீது பழி சொல்லிப் பாய்ந்தது. அடுத்த சில மாதங்களில் செத்தவர்கள் ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்கிறார்கள். இதில் பெரும்பகுதி ஜாவா, பாலி, வடக்கு சுமத்ரா கிராமங்களில். ராணுவம் பின்னால் நிற்க, பல ஊர்களில் கொன்றவர்கள் உள்ளூர் இளைஞர்கள். யார் எந்தச் சங்கத்தில் இருந்தார், எந்த வீட்டில் தூங்குகிறார் என்பதெல்லாம் அண்டை வீட்டாருக்குத்தானே தெரியும்? பெயர்ப் பட்டியல்கள் தயாராயின. இரவில் கதவு தட்டப்பட்டது. தட்டியவனும் தெரிந்த முகம், போனவனும் தெரிந்த முகம். பிரித்துக் கொடுக்கப்பட்ட வயல்களில் ஒரு பகுதி சத்தமில்லாமல் பழைய கைகளுக்கே திரும்பிப் போனது. திருடனைப் பிடிக்க ஊர் விழித்திருப்பது ஒரு பலம். அதே விழிப்பு ஒரு பட்டியலுக்கு வேலை செய்ய ஆரம்பித்தால், அதைவிடப் பெரிய பயம் உலகத்தில் கிடையாது.

பிறகு வந்த சுஹார்த்தோவின் ஆட்சி 1998 வரை. 1979-ல் ஒரு சட்டம் போட்டு, நாடு முழுக்க இருந்த விதவிதமான கிராம அமைப்புகளை ஜாவாவின் ‘தேசா’ என்ற ஒரே அச்சில் வார்த்தார்கள். (நாம் நாட்டைத் தேசம் என்கிறோம். அதே சமஸ்கிருதச் சொல் அங்கே கிராமத்துக்கு!) 1980-களில் ரோண்டாவுக்கு அரசாங்கப் பெயரும் கிடைத்தது: சிஸ்காம்லிங். காவல் குடில்கள் வரிசையாக முளைத்தன. கூடவே அறிவிப்புப் பலகை: ‘24 மணி நேரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளி தகவல் தர வேண்டும்.’ உங்கள் மாமா வந்து இரண்டு நாள் தங்கினாலும் ஊர்த் தலைவரிடம் சொல்ல வேண்டும்! காவல் எங்கே முடிகிறது, வேவு எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சுஹார்த்தோ விழுந்த 1998-ம் வருஷமே இன்னொரு கொடுமை. கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கி வட்டாரத்தில், சூனியம் வைப்பவர்கள் என்று சந்தேகப்பட்டு நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். முகமூடி ஆட்கள் வருகிறார்கள் என்று வதந்தி. தெருவுக்குத் தெரு கட்டையும் அரிவாளுமாக ரோண்டா. வழி தவறி வந்த வெளியூர்க்காரன்கூட உயிருக்குப் பயப்பட வேண்டிய நிலைமை. பயந்துபோன காவல்காரனைப் போல ஆபத்தானவன் வேறு யார்?

இப்போது சொத்துக்கு வருவோம். ஜோகோ விடோடோ அதிபராக இருந்தபோது மேடைக்கு மேடை ஒரு கணக்குச் சொல்வார். நாட்டில் பட்டா கொடுக்க வேண்டிய நிலத் துண்டுகள் 12 கோடியே 60 லட்சம். 2015 வரை கொடுத்தது 4 கோடியே 60 லட்சம்தான். வருஷத்துக்கு ஐந்து லட்சம் என்ற பழைய வேகத்தில் போனால் மிச்சத்தை முடிக்க 160 வருஷம்! அதன்பிறகு வேகம் கூடியது. கோடிக்கணக்கான பட்டாக்கள் கொடுத்தார்கள். நல்ல காரியம், மறுப்பதற்கில்லை.

ஆனால் பட்டா மட்டும் போதுமா? 2022 பிப்ரவரி 8. மத்திய ஜாவாவில் வாடாஸ் என்ற கிராமம். பக்கத்தில் கட்டும் அணைக்கு இந்த ஊர் மலையிலிருந்து கல் வெட்ட வேண்டும் என்றது அரசாங்கம். முடியாது என்றார்கள் ஒரு பகுதி மக்கள். அன்று நில அளவைக்காரர்களோடு நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். அறுபது பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போய், மறுநாள் விட்டார்கள். மாகாண கவர்னர் மன்னிப்புக் கேட்டார். கல் வெட்டும் திட்டம் மட்டும் நிற்கவில்லை.

ரோண்டா இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது, மூங்கிலும் தொங்குகிறது. ஜிம்பிதான் டப்பாவில் அரிசிக்குப் பதில் பல இடங்களில் சில்லறைக் காசு. திருடனுக்கும் தீக்கும் அந்த ஊர்கள் என்றைக்குமே பயந்ததில்லை. ஒருவர் தட்டினால் பத்துப் பேர் எழுந்து வருவார்கள். பகலில் காகிதத்தோடு வருகிறவர் முன்னால்தான் அவர்களுக்குக் கை வரவில்லை. அந்த மூங்கில் தங்கள் கையில் இருந்தவரை ஊர் பத்திரமாக இருந்தது. வேறொருவர் வாங்கித் தட்ட ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும், உள்ளே தூங்கியவர்கள்தான் பயந்து விழித்தார்கள்.